தேய்மானம் என்னும் தீர்ப்பு

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் நாரி நோவென்று வைத்தியரிடம் செல்கிறார். நோ எப்போது தொடங்கியது, எவ்வேளையில் கூடுகிறது, அவர் என்ன வேலை செய்கிறவர் என்னும் வினாக்களுக்கு அங்கு அவகாசம் இல்லை. படம் எடுத்து வருமாறு துண்டு எழுதிக் கொடுக்கப்படுகிறது. படம் வந்ததும் வைத்தியர் அதன்மீது பேனை முனையை வைத்து, 'இவ்விடத்தில் தேய்ந்துவிட்டது' என்கிறார். அத்துடன் பரிசோதனை முற்றுப்பெறுகிறது. அன்று தொட்டு அம்மனிதர் குனிய அஞ்சுகிறார்; தண்ணீர் வாளியைத் தூக்குவதில்லை; பிள்ளையைத் தோளில் ஏற்றுவதில்லை; இடுப்பிலே ஒரு பட்டியைக் கட்டிக்கொள்கிறார். சுகம் விசாரிக்கும் அயலாருக்கு அவர் முதலிற் கூறுவது தமது எலும்பு தேய்ந்த கதையையே.

வளர்ந்தோரின் என்பு, மூட்டு, தசை நோய்கள் இந்நாட்டில் எவ்வாறு நிதானிக்கப்படுகின்றன, எவ்வாறு பரிகரிக்கப்படுகின்றன என்பதை ஆராயப் புகுவோர் 'தேய்மானம்' என்ற இவ்வொரு சொல்லிலிருந்தே தொடங்குதல் தகும். மூட்டுத் தேய்வு நோய் என ஒன்று இல்லை என்பது இதன் பொருளன்று. முழங்காலிலும் இடுப்பு மூட்டிலும் கசியிழையம் சிதைந்து, நடை தடுமாறி, இறுதியிற் செயற்கை மூட்டுப் பொருத்த வேண்டிய நிலைக்கு வருவோர் உளர். அவர்களுக்கு அச்சத்திரசிகிச்சை இருபதாம் நூற்றாண்டு வைத்தியம் வழங்கிய பெருங்கொடைகளுள் ஒன்று. இங்கு கண்டிக்கப்படுவது வேறு. நோயாளியின் வாயையும் உடலையும் விட்டுப் படத்திலிருந்து நோயைப் படிக்கும் வழக்கமும், படத்திற் கண்ட முதுமையின் அடையாளத்தை நோவின் காரணமென்று அறிவித்துவிடும் அவசரமுமே கண்டனத்துக்குரியன. இவ்வழக்கம் ஒரே வேளையில் இரு தவறுகளைப் புரிகிறது. நோயற்றோரை நோயாளராக்குகிறது, நோயுற்றோரை நோயற்றோர் என்று திருப்பி அனுப்பிவிடுகிறது.

முதலாவது தவறுக்குரிய சான்றுகள் பல்லாண்டுகளாகவே வைத்திய உலகின் முன் உள்ளன. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிலே, நாரி நோ இல்லாத 98 பேரின் முள்ளந்தண்டுகள் எம்.ஆர்.ஐ. கருவியாற் படம் பிடிக்கப்பட்டன. எல்லா இடைத்தட்டுக்களும் பழுதின்றி இருந்தோர் நூற்றுக்கு 36 பேர் மாத்திரமே. நூற்றுக்கு 52 பேரிடத்து ஓரிடத்திலேனும் தட்டுப் பிதுங்கியிருந்தது. 2015இல் இத்தகைய 33 ஆய்வுகள் ஒருசேரத் தொகுத்து நோக்கப்பட்டன. நோவற்ற 3,110 பேர் அவற்றில் அடங்கினர். இருபது வயதினருள்ளேயே நூற்றுக்கு 37 பேரின் இடைத்தட்டுக்கள் நலிவுற்றிருந்தன. எண்பது வயதினருள் இத்தொகை நூற்றுக்கு 96 ஆயிற்று. நோவில்லாத கிழவர்களுள் ஏறத்தாழ எல்லோரிடத்தும் காணப்படும் ஒன்றை நோவுள்ள ஒருவரிடத்துக் கண்டு, இதுவே காரணம் என்பது தருக்க நூலின் முதற் பாடத்தைக்கூடக் கல்லாதோர் செய்யும் பிழை. தலை நரைத்தவருக்குத் தலையிடி வந்தால் நரையினால் வந்தது என்று எவரும் கூறுவதில்லை.

படத்துக்கு இத்துணை அதிகாரம் வந்த வரலாறு சுருக்கமாகவேனும் நோக்கற்பாலது. 1895இல் றொன்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தபோது உலகம் முதலிற் கண்டது அவர் மனைவியின் கையெலும்புகளையே. என்பு முறிவைப் பொறுத்தவரை அக்கண்டுபிடிப்பு இருளில் ஏற்றிய விளக்கு என்பதில் ஐயமில்லை. ஆயின் முறிவைக் காட்டிய விளக்கு நோவையும் காட்டும் என்ற நம்பிக்கை அதனோடு சேர்ந்து வளர்ந்தது. 1934இல் மிக்ஸ்ரர், பார் என்னும் இரு அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்கள், பிதுங்கிய இடைத்தட்டு நரம்பை அழுத்திக் காலிலே நோவை உண்டாக்கலாம் என நிறுவினர். அது உண்மையான கண்டுபிடிப்பு. ஆனால் அதன் பின் ஐந்து தசாப்தங்களாக நாரி நோ அனைத்தும் தட்டின் குற்றமே என்றாயிற்று. காலிலே மின்னல்போல் இறங்கும் நோவுக்குப் பொருந்திய விளக்கம், வயல் உழுதவனின் முதுகு உளைவுக்கும், எழுதுமேசையில் அமர்ந்திருந்தவரின் பிடிப்புக்கும் விரிக்கப்பட்டது. பெரும்பாலான நாரி நோவுக்கு இன்ன இழையமே காரணம் என்று சுட்டிக் கூற இயலாது என்பதை இன்றைய வைத்தியம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் இயலாது என்று கூறும் வைத்தியரைவிடத் தேய்மானம் என்று கூறும் வைத்தியருக்கே மதிப்பு அதிகம்.

படம் எடுப்பதால் என்ன தீங்கு, மனத்திருப்தியாவது கிடைக்குமே என்பாரும் உளர். இவ்வினாவும் பரிசோதிக்கப்பட்டதே. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில் நாரி நோவுற்ற 421 பேர் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட்டது. மறுபிரிவினருக்கு வழமையான பராமரிப்பு மாத்திரம். 2001இல் முடிவு வெளியாயிற்று. மூன்று மாதங்களின் பின் படம் எடுக்கப்பட்டோருள்ளேயே நோவு நீடிப்பதாகக் கூறியோர் அதிகம். தம் உடல்நிலை குறித்த அவர்களின் மதிப்பீடும் தாழ்ந்திருந்தது. எனினும் தாம் பெற்ற வைத்தியத்தைப் பற்றித் திருப்தி கொண்டோரும் அவர்களே. நோவு கூடியும் திருப்தி கூடியது! தனியார் படப்பிடிப்பு நிலையங்களின் செழிப்புக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை. அரச வைத்தியசாலையிலே எம்.ஆர்.ஐ. படத்துக்குக் காத்திருக்க வேண்டும். வெளியிலே பணம் கொடுத்தால் உடனே கிடைக்கும். நகையை அடகு வைத்து எடுத்த படத்தை ஓர் உறையிலிட்டு, கிளினிக்குக்குக் கிளினிக் காவிச் செல்லும் குடும்பங்கள் எத்தனை? அப்படத்திலே 'பிதுக்கம்', 'நலிவு' என்னும் சொற்களைக் கண்டு கலங்குவோருக்கு, அச்சொற்கள் நோவற்ற அயலவரின் படத்திலும் இருந்திருக்கும் என்பதை எடுத்துரைப்போர் அரியர்.

இரண்டாவது தவறு இதனினும் கொடியது. முப்பது வயதுப் பெண்ணொருத்தியின் விரற் கணுக்கள் வீங்குகின்றன. காலையில் எழுந்ததும் கை மடங்குவதில்லை. சுடுநீரில் ஊறவைத்து ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே தேநீர்க் கோப்பையைப் பிடிக்க இயல்கிறது. இது முடக்குவாதம் என்று வழங்கும் மூட்டழற்சியின் தொடக்கம். ஊடுகதிர்ப் படம் எடுத்தால் அது பழுதின்றி இருக்கும். ஏனெனில் என்பை நோய் அரித்த பின்னரே படம் அதனைக் காட்ட வல்லது. 'படத்தில் ஒன்றுமில்லை' என்று நோக்குளிசை கொடுத்து அவள் அனுப்பப்படுகிறாள். இந்நோயைப் பொறுத்தவரை முதற் சில மாதங்களே பொன்னான காலம். மெதொற்றெக்செற் போன்ற, நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் அக்காலத்தில் தொடங்கப்பட்டால் கைகள் காப்பாற்றப்படும். விலை மிகுந்த மருந்தும் அன்று. கிழமைக்கு ஒருமுறை எடுப்பது. குருதியை ஒழுங்காகப் பரிசோதித்து வந்தாற் போதும். ஆனால் நோ ஆற்றும் குளிசைகள் மாத்திரம் வழங்கப்படும்போது நோ தணிகிறது, மூட்டு அழிகிறது. ஈராண்டின் பின் எடுக்கும் படத்திலே அரிப்புத் தெளிவாகத் தெரியும். அப்போது படம் உண்மை சொல்லும், அவ்வுண்மையாற் பயனில்லை.

இளைஞர்களைத் தாக்கும் முள்ளந்தண்டு அழற்சியும் இத்தகையதே. இருபத்தைந்து வயது வாலிபனுக்கு இரவின் பிற்பகுதியில் நாரி நோவு எழுப்பிவிடுகிறது, படுத்தாற் கூடுகிறது, நடந்தாற் குறைகிறது. சாதாரண உளைவு ஓய்விலே தணியும், இது ஓய்விலே பெருகும். இவ்வொரு வேறுபாட்டை அறிய எக்கருவியும் வேண்டாம். ஒரு வினாப் போதும். அவ்வினா எழுப்பப்படாமையால் இந்நோய் பல ஆண்டுகள் தாமதித்தே இனங்காணப்படுகிறது என்பது உலகெங்கும் பதிவான செய்தி. முள்ளந்தண்டுக் காசநோய் வேறொரு எடுத்துக்காட்டு. மாதக்கணக்கில் மெல்ல வளரும் நோவு, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தும், 'நாரிப் பிடிப்பு' என்று எண்ணெய் தேய்த்துக் காலங் கழித்தவர் ஈற்றிலே கால்கள் இரண்டும் செயலிழந்து வருகிறார். 1779இல் பேர்சிவல் பொற் விவரித்த நோய். மருந்தினாற் குணமாகும் நோய். மேலும், வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து வெயில் படாத பெண்களிடத்து விற்றமின் டி குறைவினால் என்பு மென்மையாகி, தொடையும் இடுப்பும் நொந்து, தரையிலிருந்து எழுவதற்கே கை ஊன்ற வேண்டிய நிலை ஏற்படுகிறது. 'உடம்பெல்லாம் நோகுது' என்னும் அவர்களின் முறைப்பாடு மனப் பிரமை என ஒதுக்கப்படுவதும் உண்டு. சில எளிய குருதிச் சோதனைகளால் இனங்கண்டு, மலிவான மருந்தால் மாற்றத்தக்க நோய் இது.

ஆக, நிதானிப்பின் முதற்கருவி வினா என்றால், வினா எம்மொழியில் எழுப்பப்படுகிறது என்ற பிரச்சினை உடன் எழுகிறது. தமிழிலே நோவுக்கு உள்ள சொற்கள் வெறும் அலங்காரமல்ல. உளைவு வேறு, குத்து வேறு, குடைச்சல் வேறு, எரிவு வேறு, பிடிப்பு வேறு, கடுப்பு வேறு. நாட் கணக்கான உழைப்பின் பின் வருவது உளைவு. நரம்பின் வழியே இறங்குவது எரிவும் மின்னலடிப்பும். எலும்பின் உட்புறத்திருந்து இரவில் வாட்டுவது குடைச்சல். நோயாளி தேர்ந்து கூறும் இச்சொற்கள் வைத்தியக் குறிப்பேட்டில் ஏறும்போது 'நோ' என்பதற்குரிய ஒற்றை ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. அவர் கூறியதில் நிதானிப்புக்கு உதவக்கூடியது எதுவோ அதுவே பெயர்ப்பில் உதிர்ந்துவிடுகிறது.

'விறைப்பு' என்ற சொல்லை மாத்திரம் எடுத்து நோக்கலாம். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் 'கை விறைக்கிறது' என்றால், மூட்டு இறுகி மடங்காமையையும் குறிக்கலாம், உணர்விழந்து போதலையும் குறிக்கலாம். முன்னையது மூட்டழற்சியின் அறிகுறி. பின்னையது நரம்பு அழுத்தத்தின் அறிகுறி. இரண்டுக்கும் செல்ல வேண்டிய வழிகள் வெவ்வேறு. மலையகத்தவர் பின்னையதை 'மரத்துப் போச்சு' என்பர், குழப்பம் குறைவு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வைத்திய மாணவருள் எத்தனை பேர் இவ்வேறுபாட்டை விரிவுரை மண்டபத்திற் கற்றனர்? கற்க வாய்ப்பில்லை, ஏனெனில் கல்வியும் பரீட்சையும் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. தமிழறியாத வைத்தியர் பணிபுரியும் இடங்களிலோ வாட்டுச் சிற்றூழியரோ அடுத்த கட்டில் நோயாளியோ மொழிபெயர்ப்பாளராகிறார். முள்ளந்தண்டின் கீழ்நரம்புக் கற்றை நசுங்கும்போது சிறுநீர் கழிக்க இயலாமையும் தொடையிடுக்கில் உணர்வின்மையும் தோன்றும். அது மணிக்கணக்கில் சத்திரசிகிச்சை வேண்டி நிற்கும் அவசரநிலை. பத்துப் பேர் கேட்டிருக்க, அயலான் ஒருவனின் வாய்வழியே இதனை எந்தப் பெண் கூறுவாள்?

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே வைத்தியம் கற்பித்தவர். உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய துறை நூல்களைத் தமிழாக்கியவர். அவர் இட்ட அடித்தளத்தின் மீது எழுந்திருக்க வேண்டிய கட்டடம் எழவில்லை. கலைச்சொல் ஆக்கத்திற் செலவிட்ட முயற்சியின் ஒரு பகுதியையேனும் நோயாளர் சொல்லைச் சேகரித்து ஆராய்வதிற் செலவிட்டிருந்தால், தமிழ்த்துறைகளும் மருத்துவ பீடங்களும் ஒரே மேசையில் அமர்வதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதிற் பங்குண்டு.

மொழிக்கு அடுத்தது தொழில். இத்தாலிய வைத்தியர் பேர்ணாடினோ றமசினி 1700இல் வெளியிட்ட தொழில் நோய்கள் பற்றிய நூலில், இப்போக்கிறற்றிஸ் கூறிய வினாக்களோடு ஒரு வினாவைச் சேர்க்குமாறு வைத்தியரை வேண்டினார்: நீர் என்ன தொழில் செய்கிறீர்? முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அவ்வினா இந்நாட்டுக் கிளினிக்குகளிலே எழுப்பப்படுவது அருமை. எழுப்பப்பட்டாலும் விடை ஒற்றைச் சொல்லாகவே பதியப்படுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் அட்டையில் 'தோட்டத் தொழிலாளி' என்றிருக்கும். செங்குத்தான மலைச்சரிவில் நாள் முழுதும் நிற்பது, தலையில் மாட்டிய கயிற்றிலே தொங்கும் கூடையின் பாரத்தைக் கழுத்தெலும்பு தாங்குவது, ஆயிரம் முறை ஒரேவிதமாய் அசையும் விரல்கள், நிர்ணயித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேராகிவிடும் அன்றைய சம்பளம் ஆகியன அச்சொல்லில் இல்லை. அவளுக்கு 'கழுத்தெலும்புத் தேய்மானம்' என்று துண்டு எழுதி, 'பாரம் தூக்கக் கூடாது, ஓய்வு எடுக்க வேண்டும்' என்று அறிவுரை கூறும் வைத்தியர், சம்பளமின்றி வாழ வேண்டும் என்றே அவளிடம் கூறுகிறார். அவர் அதனை உணர்வதில்லை. தையல் தொழிற்சாலைப் பெண்ணின் தோள், கரைவலை இழுப்போரின் முதுகு, பனையேறும் சீவல் தொழிலாளியின் முழங்கால் ஆகிய எல்லாம் இவ்வாறே தனிமனித உடலின் குறைகளாகப் பதியப்படுகின்றன.

தேய்மானம் என்ற சொல்லின் சமுதாயப் பணி இங்கேதான் வெளிப்படுகிறது. தேய்ந்தது எலும்பு எனின், தேய்த்தது எது என்ற வினா எழாது. வயதின் தலையிற் பழி விழுகிறது. கூடையின் பாரமும் வேலை நிர்ணயமும் இயந்திரத்தின் வேகமும் விசாரணையிலிருந்து விடுதலை பெறுகின்றன. மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்தால் அது விபத்து. சாட்சியுண்டு, தேதியுண்டு, நட்டஈடு கோர இடமுண்டு. இருபது ஆண்டுகளில் மெல்ல நேர்ந்த சிதைவுக்குத் தேதியில்லை. இதனாற் கூடையைத் துறப்பதே வழி என்பதன்று. பாரத்தை இரு தோளிலும் பகிரும் கூடை, இடையிடையே கைமாறும் வேலை, நிறுவைக்குக் கொண்டுசெல்லும் தூரத்தைக் குறைத்தல் போன்ற சிறு மாற்றங்கள் குளிசையைவிடப் பயன் தரக்கூடியன. அவற்றை வைத்தியர் துண்டில் எழுத இயலாது. ஆனால் எழுத வேண்டிய இடத்துக்கு எழுத இயலும்.

பரிகாரத்தின் நிலை என்ன? நாரி நோவுக்குப் படுக்கை ஓய்வு என்பது நெடுங்காலம் ஐயத்துக்கப்பாற்பட்ட விதியாக விளங்கியது. 1986இல் ரெக்சாஸ் மாநிலத்தில் 203 நோயாளரிடத்து நடத்திய ஆய்வில், ஏழு நாள் ஓய்வு பணிக்கப்பட்டோரைவிட இரண்டு நாள் ஓய்வு பணிக்கப்பட்டோர் நூற்றுக்கு 45 வீதம் குறைந்த நாட்களே வேலைக்குச் செல்லாதிருந்தனர்; வேறு எவ்வகையிலும் இரு சாராரும் வேறுபடவில்லை. 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடத்து நடத்திய ஆய்வோ ஒருபடி மேற்சென்றது: படுத்தோரையும் விசேட அப்பியாசம் செய்தோரையும்விட, தாங்கக்கூடிய அளவில் அன்றாட அலுவல்களைத் தொடர்ந்தோரே விரைவாகத் தேறினர். இன்றும் 'பலகையிற் படுங்கள், அசையாதீர்கள்' என்னும் அறிவுரை நின்றபாடில்லை. முழங்கால் தேய்வுக்குத் துளையிட்டுக் குழாய் செலுத்திக் கழுவும் சத்திரசிகிச்சை அமெரிக்காவில் இலட்சக்கணக்கில் நிகழ்ந்து வந்தது. ஹியூஸ்ரன் நகரில் 180 பேரிடத்து அது பரிசோதிக்கப்பட்டது; ஒரு பிரிவினருக்குத் தோல் மாத்திரம் கீறித் தைக்கப்பட்டது. ஈராண்டு கழிந்தும் உண்மைச் சிகிச்சை பெற்றோர் பொய்ச் சிகிச்சை பெற்றோரைவிட நன்னிலையில் இல்லை என்பதே 2002இல் வெளியான முடிவு. கடும் நாரி நோவுக்கும் கழுத்து நோவுக்கும் அபின் வகை மருந்து கொடுத்துச் சிட்னியில் 347 பேரிடத்து நடத்திய ஆய்வும் 2023இல் இத்தகைய முடிவையே தந்தது: வெற்றுக் குளிசையைவிட அது ஆறு கிழமையில் எப்பயனையும் தரவில்லை.

பயன் தருவன எளியவை; எளியவை ஆதலால் மதிப்பற்றவை. அஞ்ச வேண்டியதில்லை என்று காரணத்தோடு விளக்குதல், நடத்தல், தசையைப் படிப்படியாக வலுப்படுத்தல், முழங்கால் நோவுடைய பருத்தோர் எடை குறைத்தல், நோ கடுமையாயின் சில நாட்களுக்கு அழற்சி தணிக்கும் மருந்து. அம்மருந்துதானும் வயிற்றைப் புண்ணாக்கவும் சிறுநீரகத்தைப் பழுதாக்கவும் வல்லதாதலின், கடையிலே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கத் தக்கதன்று. அதனினும் ஆபத்தானவை பெயரும் சேர்மானமும் குறிக்கப்படாத 'மூட்டு நோப் பொடிகள்'. இரு நாளில் அற்புதமாக நோவை நீக்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்ரெரொயிட் கலந்திருப்பது வைத்தியர் பலகாலும் கண்டது. நோ தீரும், நெடுநாட் பாவனையில் என்பு நுண்மையடைந்து நொறுங்கும், தொடையென்பின் தலை குருதியற்று இறக்கும்.

இவ்விடத்து நாட்டு முறிவு நெரிவு வைத்தியரைப் பற்றிய வழக்கமான சச்சரவு எழக்கூடும். இறுகக் கட்டிய பத்தையினாற் குருதியோட்டம் தடைப்பட்டுக் கை அழுகிய நிலையில் வந்தோரை வாட்டிலே கண்ட மேலைமுறை வைத்தியர் அவர்களை முற்றாக வெறுப்பதற்குக் காரணமுண்டு. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவைக் கட்டு வைத்தியத்தாற் குணமாக்க முயல்வது உயிரோடு விளையாடுவதே. எனினும் மேலைநாட்டு என்பியலின் பிறப்பை அறிந்தோர் ஏளனத்தைச் சற்று அடக்குவர். முறிந்த தொடையெலும்பைத் தாங்க உலகெங்கும் பயன்பட்ட தோமஸ் மட்டையை ஆக்கிய லிவர்ப்பூல் ஹியூ ஓவன் தோமஸ், பரம்பரை எலும்புகட்டிகளின் குடும்பத்திற் பிறந்தவர். 1867இல் இலண்டன் சத்திரவைத்தியர் ஜேம்ஸ் பஜெற், எலும்புகட்டிகள் குணமாக்கும் நோயாளர் பற்றியே ஒரு விரிவுரை ஆற்றினார். அவர்களின் தீங்குகளை எண்ணிக் காட்டியபின், அவர்களிடமிருந்து கற்கத்தக்கதைக் கற்குமாறு தம் மாணவரை வேண்டினார். கட்டு வைத்தியரிடம் மக்கள் செல்வது மூடத்தனத்தினால் மாத்திரமன்று. அவர் நோகும் இடத்தைத் தொடுகிறார், நேரமெடுத்துத் தொடுகிறார், தமிழிலே கேட்கிறார்.

படத்தை முதலில் எடுக்காதவிடத்துப் புற்றுநோயோ முறிவோ தவறிவிடாதா என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதற்கு விடை கூறாது கடத்தல் நேர்மையன்று. 2009இல் வெளியான சிட்னி ஆய்வில், புதிதாக நாரி நோவுற்று முதனிலை வைத்தியரை நாடிய 1,172 பேருள் பாரதூரமான நோயுடையோர் 11 பேரே. அவர்களுள் 8 பேர் என்பு முறிவுற்றோர். அபாயக் குறிகளுள் ஒன்றேனும் உடையோர் நூற்றுக்கு எண்பதாக இருந்தமையால், ஒரு குறியைக் கண்டதும் எல்லோரையும் படத்துக்கு அனுப்புவதும் பொருளற்றதாயிற்று. காசநோய் ஒழியாத இந்நாட்டில் விகிதம் சற்று வேறுபடலாம்; முறை வேறுபடாது. முதுமை, நெடுங்கால ஸ்ரெரொயிட் பாவனை, விழுகை, முன்னர் வந்த புற்றுநோய், மெலிவு, காய்ச்சல், படுத்தும் ஆறாத இரவு நோ, கால் பலவீனம், சிறுநீர்த் தடை என்பவற்றைக் கேட்டு, ஒன்றோடொன்று பொருத்தி, முதுகைத் தட்டியும் காலின் வலுவைச் சோதித்தும் பார்த்த பின் ஐயம் எஞ்சுமாயின் அன்றே படம் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் படம் எடுக்கும் வரிசையிலே, எவருக்கு அது அவசரமோ அவரே மூன்று மாதம் காத்திருக்கிறார். 2020இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் நாரி நோவுற்றிருந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இத்தொகையினர் எல்லோரையும் கருவிக்குள் அனுப்பக்கூடிய நாடு எதுவும் இல்லை.

இன்னொரு நோயாளி உளர். அவரிடத்துப் படம் பொய் கூறுவதில்லை. ஐம்பத்தெட்டு வயதான பெண் சமையலறையின் ஈரத்தரையில் வழுக்கிக் கை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டு முறிகிறது. ஊடுகதிர்ப் படம் முறிவைச் செவ்வையாகக் காட்டுகிறது; மாவுக்கட்டுப் போடப்படுகிறது; ஆறு கிழமையில் எலும்பு பொருந்துகிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்த மாத்திரத்தில் ஒரு வளர்ந்தவரின் எலும்பு ஏன் முறிய வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. மாதவிடாய் நின்ற பின் என்பு நுண்மையடையும் நோய், முதல் முறிவு வரை மௌனமாகவே இருக்கும். அம்முறிவே அதன் முதல் வாக்குமூலம். அடுத்து முள்ளென்புகள் ஒவ்வொன்றாய் அமுங்கும். உயரம் குறையும், முதுகு கூனும், அதனையும் முதுமை என்றே வீட்டார் கொள்வர். அதற்கு அடுத்தது இடுப்பு. இடுப்பு முறிந்த முதியோருட் பலர் முன்போல் நடப்பதில்லை; ஓராண்டுக்குள் இறப்போரும் கணிசமானவர். என்பின் அடர்த்தியை அளந்து இந்நோயை வரையறுக்கும் அளவுகோலை உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்துவிட்டது. அக்கருவி இல்லாதவிடத்தும், விழுந்து முறிந்த மணிக்கட்டே போதிய சான்று. கிழமைக்கு ஒரு குளிசையான அலென்றோனேற்று மலிவானது. முறிவுகளைக் குறைப்பது நிரூபிக்கப்பட்டது.

கட்டு வெட்டப்படும் நாளில் அப்பெண் கிளினிக் வாங்கில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கிறார். தாயும் இடுப்பு முறிந்தே இறந்தார் என்பதை அருகிலிருக்கும் பெண்ணிடம் கூறுகிறார். முறை வந்ததும் உள்ளே அழைக்கப்படுகிறார். கை மடங்குகிறதா என்று பார்க்கப்படுகிறது. 'முறிவு பொருந்தியது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டு அட்டை திருப்பிக் கொடுக்கப்படுகிறது. அடுத்த தவணை எதுவும் அதிற் குறிக்கப்படவில்லை.